கம்பி இல்லாத கோட்டை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவது ஒரு ரோலிங் மில்லுக்குள் போய் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்புப் பாளம் உருளைகளின் இடுக்கில் நுழைந்து நுழைந்து மெலிந்து, கடைசியில் செக்கச்செவேலென்று ஒரு நீண்ட கோடாய் ஓடி வரும். அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்குள் புகும். மேல்தோல் சட்டென்று குளிர்ந்து இறுகிவிடும். உள்ளே தங்கிய சூடு மெல்ல வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். வெளியே கடினம், உள்ளே இளக்கம். கடையில் நாம் டிஎம்டி கம்பி என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

இந்த ஆலைகளிலிருந்து லாரி லாரியாகக் கம்பி போகிறது. அது இல்லாமல் இரண்டு மாடி வீடு கட்டுவதைக்கூட இன்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. காரணம் எளியது. கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அமுக்கும்போது தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் இழுக்கும்போது தாங்கும். ஒரு கூரையின் மேல் பாரம் ஏறினால் அதன் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அந்த அடிப்பக்கத்தில் கம்பியைப் போட்டு வைக்கிறோம். இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்கிறது, அமுக்கத்தைக் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது. சென்ட்ரிங் வேலை செய்யும் எவரும் இதைக் கணக்குப் போடாமலே சொல்வார்கள்: பீமில் முக்கியமான கம்பி அடியில்தான் இருக்க வேண்டும் என்று.

கருங்கல்லும் இதே குணம் கொண்டதுதான். அமுக்கினால் யானைபலம், இழுத்தால் பலவீனம். அப்படியிருக்க, டிஎம்டியும் இல்லாமல், சிமெண்டும் இல்லாமல், மலை உச்சியில் மதிலும் மண்டபமும் களஞ்சியமும் கட்டி, பீரங்கிக்கு எதிரே ஆண்டுக்கணக்கில் நிறுத்தினார்களே, அது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்குத் தெரிந்த சிறந்த இடம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது: செஞ்சி.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கோட்டை இல்லாமல் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆனால் அது கடலோரத் தரைக்கோட்டை. இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. மலைக்கோட்டையின் சூட்சுமத்தைப் பார்க்க வேண்டுமானால் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையைப் பிடிக்க வேண்டும். செஞ்சியை நெருங்கும்போது சாலைக்கு இரண்டு பக்கமும் மலைகள் எழும். அவற்றைப் பார்த்தால் யாரோ மூட்டை மூட்டையாக உருண்டைப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

அப்படி யாரும் கொட்டவில்லை. இந்தப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் உருவானது. மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து விலக, பாறை தளர்ந்து குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. கட்டம் கட்டமாக வெட்டிய பர்பி போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விரிசல்களுக்குள் மழைநீர் இறங்கியது. நீர் பட்ட இடத்தில் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. இங்கேதான் வேடிக்கை. கட்டத்தின் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து மட்டுமே அரிக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து அரிக்கும். மூலையை மூன்று பக்கமிருந்து. ஆகவே மூலைகள் முதலில் கரையும், பிறகு விளிம்புகள். சதுரமாய்த் தொடங்கிய கல் மண்ணுக்குள்ளேயே உருண்டையாகிவிடும். பின்னர் சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வெளியே வந்து நிற்கின்றன. நாம் பார்ப்பது கொட்டிய குவியல் அல்ல. மண் விலகிய பிறகு மிஞ்சிய எலும்புக்கூடு.

ஆறு மீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டைப் பாறையின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 300 டன் வருகிறது. முப்பது டன் ஏற்றும் டிரெய்லர் பத்து சேர்ந்தாலும் அதை உடைத்துத்தான் கொண்டுபோக முடியும். கோட்டை கட்டியவர்கள் இந்தப் பாறைகளை அசைக்கவே முயலவில்லை. அவை நிற்கிற இடத்திலேயே அவற்றை மதிலாக்கினார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை மட்டும் கல் அடுக்கி அடைத்தார்கள். ராஜகிரி மலையில் ஏறும்போது கவனித்துப் பாருங்கள்: மதில் ஓடி வந்து ஒரு பாறையில் முட்டி நின்றுவிடும், பாறையின் மறுபக்கத்தில் மீண்டும் தொடங்கும். நடுவில் காவல் காப்பது மலையே.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றாவது சந்திராயன் துர்க்கம் என்றும் அழைக்கப்படுகிறது. மூன்றையும் இணைத்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அவை வளைத்துப் பிடித்திருக்கும் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். வெளி மதிலின் பருமன் சில இடங்களில் 20 மீட்டர். அதை ஒட்டி 24 மீட்டர் அகல அகழி. 20 மீட்டர் பருமனுக்கும் கல்லையே அடுக்கியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இரு முகங்களில்தான் கல். நடுவில் மண்ணும் சரளையும். இதில் சிக்கனம் மட்டுமல்ல, அறிவும் இருக்கிறது. முழுக்கல்லால் ஆன சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் அதிர்ச்சி கல்லுக்குக் கல் தாவி வெடிப்பு பரவும். மண்ணோ அந்த வேகத்தை விழுங்கி அடக்கிவிடும். மணல் மூட்டைக்குப் பின்னால் இன்றும் படைவீரர் பதுங்குவது இதனால்தான்.

மதிலுக்கு வேண்டிய கல்லை எப்படி உடைத்தார்கள்? உளியால் வரிசையாகச் சிறு சிறு குழிகள் போட்டு, அவற்றில் ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றையும் மாறி மாறிச் சம்மட்டியால் தட்டுவார்கள். ஆப்பு கல்லை அமுக்குவதில்லை. இரண்டு பக்கமாக விலக்குகிறது. அதாவது இழுக்கிறது. கல்லின் பலவீனம் அதுதானே! மலையைச் சுமக்கும் கல் ஒரு சாண் ஆப்புக்குப் பணிந்து நேர்கோட்டில் பிளந்துவிடும். தமிழ்நாட்டில் பழைய பாறைகள் பலவற்றில் அஞ்சல்தலை விளிம்புபோல் வரிசைக் குழிகளைப் பார்க்கலாம். கல்தச்சர்கள் கல்லின் குணத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கல்லை உடைக்க அதன் பலவீனத்தைப் பயன்படுத்தினார்கள்; கட்டும்போது அதே பலவீனத்தின் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். செஞ்சிக் கட்டடங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணாடி வழியாகவே பார்க்கலாம் என்பது என் துணிபு.

முதலில் கோயில். கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயில் நாயக்கர் காலத்துக் கட்டடம். அதன் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்கும். அழகுக்காக அப்படி வைத்தார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அழகும் உண்டு. ஆனால் தூணின் மேல் கிடக்கும் கல் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தூண்கள் தள்ளித் தள்ளி நின்றால் உத்தரம் நடுவில் முறியும். ஆகவே தூண்களை நெருக்கி வைத்து, அவற்றின் தலையில் போதிகைக் கட்டைகளை இருபுறமும் நீட்டி, இடைவெளியை இன்னும் குறைத்தார்கள். உத்தரம் ஏன், எந்த இடத்தில் முறிகிறது என்ற ஆராய்ச்சியை இத்தாலியின் கலிலியோ 1638இல்தான் நூலாக வெளியிட்டார். நம் சிற்பிகளிடம் அந்தச் சமன்பாடு இல்லை. ஆனால் விடை அவர்கள் கையில் இருந்தது. இந்தக் கோயிலின் செதுக்குத் தூண்களில் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குப் போய்விட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். சிலையைப் படம் பிடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அவை செஞ்சித் தூண்கள் என்று தெரியும்?

அடுத்தது நெற்களஞ்சியம். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் அந்தக் களஞ்சியத்துக்குள் நுழைந்தால் முதலில் தாக்குவது குளிர்ச்சி, பிறகு வெறுமை. இவ்வளவு பெரிய கூடத்தில் நெருக்கத் தூண்கள் இல்லை, உத்தரம் இல்லை. மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து வளைந்து கூரையாகி இருக்கின்றன. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் தன் பக்கத்துச் செங்கல்லை அமுக்குகிறது. இழுப்பு என்பதே எங்கும் இல்லை. மேலே பாரம் ஏற ஏற வளைவு இன்னும் இறுகும். ஒரே ஒரு சிக்கல், வளைவின் கால்கள் பக்கவாட்டில் அகலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் களஞ்சியத்தின் பக்கச் சுவர்கள் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன. தடித்த சுவர் உள்ளே வெப்பத்தை விடாது, நெல்லும் கெடாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஒரு சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வளைவாகத் தொங்கும். அதில் ஒவ்வொரு கண்ணியும் இழுபடுகிறது, எதுவும் அமுங்கவில்லை. அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் எல்லாமே அமுங்கும், எதுவும் இழுபடாது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1675இல் இந்த உண்மையை எழுத்துகளைக் குழப்பிப் புதிராக்கி வெளியிட்டார்; வேறு யாரும் திருடிவிடக் கூடாதே என்று. அந்தக் காலத்தில் செஞ்சி பீஜப்பூர் சுல்தான்களின் கையில் இருந்தது. வளைவும் குவிமாடமும் தக்காணத்துக் கொத்தர்களுக்கு அன்றாட வேலை.

உத்தர மரபும் வளைவு மரபும் அருகருகே நிற்பதுதான் செஞ்சியின் தனிச் சொத்து. காரணம் அதன் வரலாறு. ஆனந்தக்கோன் என்பவர் 1200ஐ ஒட்டி ராஜகிரியில் முதல் கோட்டை கட்டியதாக மரபுச் செய்தி. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக்கோன் பெயரில் கிருஷ்ணகிரி. பிறகு விஜயநகரம், அதன் கீழ் நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர். 1677இல் சிவாஜி. 1698இல் மொகலாயர். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மடிந்த தேஜ் சிங் என்னும் தேசிங்கு, கதைப்பாடல் வழியாக இன்றும் ஊர் ஊராக வாழ்கிறார். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். வந்தவர்கள் எவரும் முந்தையதை இடித்துத் தரைமட்டமாக்கவில்லை; தங்களுக்குத் தெரிந்ததை அதன்மேல் சேர்த்தார்கள்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி நீறாகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தணியும். மணலோடு குழைத்துச் சுவரில் பூசியதும் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் கல்லாகிவிடும். கல்லாய்ப் பிறந்து, மாவாகி, மறுபடி கல்லாவது. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரையை அரைத்து நாள்கணக்கில் புளிக்க வைப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். இந்தக் காரைக்கு இன்னொரு குணமும் உண்டு. மயிரிழை வெடிப்பு விழுந்தால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து அந்த வெடிப்பிலேயே படிய விட்டுத் தானே அடைத்துக்கொள்ளும். சிமெண்டைவிட இளக்கமானது. அந்த இளக்கமே பல நூற்றாண்டு வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் சுவர் உடையாமல் காத்தது.

மலைக்கோட்டைகளின் உயிர்நிலை சுவரில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எரிமலையின் கழுத்துப் பாறைமேல் நிற்பது. ஏற முடியாத செங்குத்து. 1573இல் முற்றுகையிட்டவர்களின் பீரங்கிக்கு அங்கிருந்த ஒரு கோபுரம் சரிந்தது. இடிபாடு விழுந்து முக்கியமான கிணறு அடைபட்டது. தண்ணீர் இல்லாமல் சில நாட்களில் கோட்டை பணிந்தது. கடினப் பாறைக்குள் நீர் தங்காது. எவ்வளவு தோண்டினாலும் கிடைப்பது கொஞ்சம்.

செஞ்சியில் கீழே தோண்டுவதைவிட மேலிருந்து வருவதைப் பிடித்தார்கள். ராஜகிரி தரையிலிருந்து சுமார் 240 மீட்டர் உயரம். மேல்கோட்டையில் நன்னீர்ச் சுனைகள் இரண்டு; அவற்றுக்குக் கீழே மழைநீர் சேமிக்கும் குளங்கள் மூன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் மொட்டைப் பாறையில் பத்து சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ நான்கு லட்சம் லிட்டர். மண் என்றால் பாதியைக் குடித்துவிடும். பாறை ஏறக்குறைய எல்லாவற்றையும் வழியவிடும். ஆளுக்கு நான்கு லிட்டர் வைத்தால் ஆயிரம் பேருக்கு நூறு நாள் குடிநீர். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல மழைநாள் போதும். பாறை தண்ணீரை உறிஞ்சாது என்பது எடின்பரோவில் சாபம். செஞ்சியில் அதுவே வரம்.

கீழ்க்கோட்டையில் இருக்கும் கல்யாண மகாலுக்கும் தண்ணீர் போனது. நடுவில் சதுரக் கோபுரம், மாடிக்கு மாடி சிறிய அறை, அதைச் சுற்றி வளைவுகளோடு கூடிய தாழ்வாரம், உச்சியில் கூம்புக் கூரை. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய் வழியாக நீர் கொண்டுவந்தார்கள். மாடி மாடியாக உயர்ந்த அந்தக் கட்டடத்தில் ஒரு கம்பிகூட இல்லை. மேல் அறைகள் சிறியவையாக இருப்பதும், தாழ்வாரங்கள் வளைவுகளால் ஆனதும், உச்சி கூம்பாக முடிவதும் தற்செயல் அல்ல. பாரம் எப்போதும் செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும், எங்கும் இழுக்கக் கூடாது என்ற ஒரே கட்டளையின் வெவ்வேறு உருவங்கள் அவை.

கோட்டை உண்மையில் சோதிக்கப்பட்டதா என்றால், சோதிக்கப்பட்டது. சிவாஜியின் மகன் ராஜாராம் மகாராட்டிரத்திலிருந்து தப்பி வந்து செஞ்சியில் அமர்ந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு ஆண்டுகள்! மூன்று மலைகளையும் முழுமையாக வளைத்துக்கொள்ள மொகலாயப் படைக்கே ஆள் போதவில்லை. வெளியிலிருந்து மராத்தியக் குதிரைப்படை வந்து முற்றுகைக்காரர்களின் உணவு வழியையே அறுத்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நின்றால் அந்த எட்டு ஆண்டுகள் ஏன் ஆயின என்று புரியும். உச்சிப் பாறைக்கும் அதற்கு முந்தைய மேட்டுக்கும் நடுவே சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழத்தில் ஒரு பிளவு. அதைக் கடக்க அன்று ஒரே ஒரு மரப்பாலம். பாலத்தை இழுத்துவிட்டால் கீழே உள்ள மதில்கள் எல்லாம் வீழ்ந்தாலும் மேலே இருப்பவர்களை நெருங்க முடியாது. இன்று நாம் கடக்கும்போது காற்று காதை அடைக்கும். கீழே வயலும் ஏரியும் பொம்மைபோல் தெரியும். 150 அடி ஏறியதுமே திரும்பிவிடும் பயணிகள் பலர். இந்தப் பிளவு வரையாவது ஏறாமல் திரும்புவது சாப்பாட்டு இலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போவது போல.

ஆனால் 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி இதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். வாயில்களை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டு அவர் படை இருட்டில் ஏறியது. கல்லும் சுண்ணாம்பும் 1690களில் இருந்தவைதான். உள்ளே காவல் இருந்தவர்களிடம்தான் அந்தப் பிடிவாதம் இல்லை.

இன்றைய கட்டடங்களோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. கம்பி நமக்கு உயரமும் அகலமும் தந்தது, மறுக்க முடியாது. களஞ்சியத்தின் அளவு கூரையை இன்று அரை அடித் தடிமனில் போட்டுவிடுவோம். ஆனால் கடற்காற்று உப்போடு வீசும் கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். ஈரமும் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து சிவப்புக் கம்பி பல்லிளிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நல்ல கலவை, கம்பிக்கு மேல் போதிய மூடு கனம், நாள் தவறாத நீராட்டு என்று கவனமாகக் கட்டினால் அதைத் தள்ளிப்போடலாம். செஞ்சிக் களஞ்சியத்துக்கு அந்த நோயே கிடையாது. அதன் எதிரிகள் வேறு: பறவை எச்சத்தில் வந்து சுவரில் வேர்விடும் அரசும் ஆலும், அப்புறம் மனிதர்கள்.

செஞ்சிக் கோட்டை 1921இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்திய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. கோனார்களும் நாயக்கர்களும் சுல்தான்களும் சேர்ந்து கட்டியதற்கு மராத்தியர் பெயர் மட்டும் தலைப்பில் வந்தது சிலருக்கு வருத்தம். எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் சிவாஜி இந்த மதில்களைப் பலப்படுத்தியதும், ராஜாராம் இங்கிருந்து ஆண்டதும் உண்மை. பட்டியலால் பாதுகாப்பு கூடுமானால் பெயர்ச்சண்டை இரண்டாம்பட்சம்.

கும்மிடிப்பூண்டியில் உலை முன்னால் நிற்கும் இளைஞர்களுக்கும், திருவள்ளூர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய் வாருங்கள். மார்கழி, தை மாதங்களில் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். களஞ்சியத்துக் கூரையை நிமிர்ந்து பாருங்கள், கோயில் தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தை அடியால் அளந்து பாருங்கள். சுவரில் மட்டும் பெயரைக் கீறாதீர்கள். கம்பி இல்லாமல் நிற்கும் அந்தச் சுவர்களுக்கு மேலே இருக்கும் ஒரே தோல் அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். அது போனால் மழை நேராகச் செங்கல்லுக்குள் இறங்கிவிடும்.